அதே வீலுக்குள் பெரிய பிரேக்: மாட்டுவதற்கு முன் ஒரு பாடம்



வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்கும் என்றுதான் இந்தப் பாடத்தை எழுத ஆரம்பித்தோம். எழுதி முடித்துப் பார்த்தால், வாடகை வாகனத்தில் ஏறிப் போகிற தாய்மாருக்கும் இது தேவை என்று பட்டது. ஆகவே வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள். கடைசியில் சில கேள்விகள் கொடுத்திருக்கிறோம். பதிலைச் சேர்ந்து பேசிப் பாருங்கள்.

நடந்த விஷயம்

எங்கள் பகுதித் தம்பி ஒருவர். அம்மா வேலையை விட்டு நின்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதிக் காசில் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில், பங்களா ஷெட்டில் வருஷக் கணக்காக ஓடாமல் கிடந்த கார் இவர் கைக்கு வந்தது. பெயின்ட் அடித்து, சீட் தைத்து, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயர் ஓடத் தொடங்கினார்.

ஒரு நாள் நுவரெலியாவில் கல்யாணம் முடிந்து, ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரம்பொடைப் பக்கமாக இறங்கியிருக்கிறார். பின் சீட்டில் இருந்த பாட்டி ஸ்டோரில் நீண்ட காலம் வேலை செய்தவர். "ஏம்பா, டிரையர்ல தூள் கருகுற மாதிரி வாசம் வருதே" என்று சொல்லியிருக்கிறார். தம்பி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த வளைவில் பிரேக் பெடல் காலோடு சேர்ந்து தரை வரை போய்விட்டது. நல்ல காலம், கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலைப் பக்கத்து மண்ணில் காரை உரசி நிறுத்தியிருக்கிறார். ஒருவருக்கும் காயம் இல்லை. மற்றப் பக்கம் பள்ளம்.

மறு வாரம் அவர் எங்களிடம் வந்தார். "சேர், பழைய சின்ன பிரேக்தான் காரணம். வீலை மாத்தாமலே பெரிய பிரேக் மாட்டலாமாம். சங்கத்துல கடன் எடுக்க ஒரு கடிதம் தாங்க" என்று கேட்டார். கடிதம் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தக் காசு உயிரைக் காப்பாற்றுமா என்று பார்க்க வேண்டியதும் எங்கள் வேலைதானே? ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டு, அனுபவமுள்ள ஒரு கராஜ் பாஸிடம் போனோம். அங்கே நாங்கள் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பிரேக் செய்கிற வேலை என்ன?

பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்று நாம் சொல்கிறோம். சரியாகச் சொன்னால், பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற சாமான். இரண்டு உள்ளங்கையையும் அழுத்தித் தேய்த்தால் சூடு வருகிறதல்லவா? டிரம்முக்குள் பிரேக் ஷூ தேய்வதும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார், சமதரையில் 50 கிலோ மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதை ஒரு தடவை முழுதாக நிறுத்தினால் வருகிற சூடு, ஏறக்குறைய 300 மில்லி லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பெரிய கோப்பைத் தேத்தண்ணிக்குத் தேவையான அளவு. பிரேக் இதைச் சுலபமாகத் தாங்கும்.

இப்போது மலையில் இறங்குவதைப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். அதாவது நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்குகிற வண்டி 1300 மீற்றருக்கு மேல் கீழே வருகிறது. அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கினாலேயே பிடித்து வந்தால், வருகிற சூடு ஏறக்குறைய 40 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். சமதரையில் 130 தடவைக்கு மேல் நிறுத்திய சூடு அது. காற்றும் டயரும் எஞ்சினும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு நாம் எவ்வளவு பங்கு கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

சூடு ஏறினால் மூன்று காரியம் நடக்கும். முதலாவது, லைனிங் அளவுக்கு மேல் சூடாகிப் பிடிப்பை இழக்கும். கருகுகிற வாசம் அதுதான். இரண்டாவது, இரும்பு டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் முன்னைவிடக் கீழே போகும். மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. வீல் சிலிண்டரில் இருக்கிற பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகும். ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடலை மிதித்தால் ஆவிதான் சுருங்கும், ஷூ நகராது. தம்பிக்கு நடந்தது இதுதான்.

பெரிய பிரேக் எங்கே உதவும்?

தம்பி சொன்னது முழுப் பிழை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மொறிஸ் மைனரைச் செய்த கம்பனியே அந்த வேலையைச் செய்திருக்கிறது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அப்போது நாலு வீலிலும் 7 அங்குல டிரம் பிரேக். 1962 இல் எஞ்சினை 1098 சிசிக்குப் பெரிதாக்கியபோது முன் பிரேக்கை 8 அங்குலமாக மாற்றினார்கள். வீல் அதே 14 அங்குல வீல்தான். உள்ளே இடம் இருந்தது, அந்த இடத்தைப் பாவித்தார்கள்.

ஒரு அங்குலம் கூடினால் என்ன கிடைக்கும்? ஸ்பேனரை நினைத்துப் பாருங்கள். இறுகிய நட்டைக் கழற்றக் கட்டை ஸ்பேனரை விட நீள ஸ்பேனர் சுலபம். டிரம்மும் அப்படித்தான். ஷூ பிடிக்கிற இடம் வீலின் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பிடிப்பின் பலம் கூடும். 7 அங்குலத்தில் அந்தத் தூரம் மூன்றரை அங்குலம். 8 அங்குலத்தில் நாலு அங்குலம். ஷூவை ஒரே அளவு பலத்தோடு அமுக்கினால், ஏறக்குறைய 14 வீதம் பிடிப்புக் கூடும். அதோடு இரும்பும் கூட. கூடிய இரும்பு அதே சூட்டை வாங்கினாலும் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. சின்னச் சட்டியில் ஊற்றிய தண்ணீரும் பெரிய அண்டாவில் ஊற்றிய தண்ணீரும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்திலா கொதிக்கிறது?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பனி முன் பிரேக்கை மட்டும்தான் பெரிதாக்கியது. பின் பிரேக்கை 7 அங்குலத்திலேயே விட்டுவிட்டது. காசை மிச்சம் பிடிக்கவா? இல்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. இறக்கத்தில் இன்னும் சாய்கிறது. பின் வீலில் பாரம் குறைகிறது. பாரம் குறைந்த வீலில் பலமான பிரேக் இருந்தால் அந்த வீல் முதலில் பூட்டிக்கொள்ளும். வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றும். மழை பெய்த வீதியில் கேட்கவே வேண்டாம். ஆகவே "பின்னுக்கும் பெரிசா போட்டா இன்னும் நல்லம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெரிய பிரேக் செய்யாத வேலை

கராஜ் பாஸ் நாலு வீலையும் கழற்றினார். தம்பியின் கார் 1962 க்கு முந்தியது. 7 அங்குல டிரம்தான். ஆனால் உள்ளே பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. பெயின்டுக்கும் சீட்டுக்கும் செலவு செய்த கார். பின்பக்கம் ஒரு வீலில் அச்சு ஒயில் சீல் கசிந்து லைனிங் முழுக்க எண்ணெய். முன்பக்கம் ஒரு சிலிண்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பிரேக் ஒயில் தேத்தண்ணிச் சாயம் மாதிரி நிறம். கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டோம். தம்பி தலையைச் சொறிந்தார்.

"தம்பி, நாலு வீலுக்கு ஒங்க வண்டி ரெண்டு வீல்லதான் நின்னுருக்கு. இதுல பெரிய டிரம்ம மாட்டினா என்ன, சின்ன டிரம்ம மாட்டினா என்ன?" என்றார் பாஸ்.

பிரேக் ஒயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். டொட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஊறிய பிறகு அந்த அளவு 140 க்கு இறங்கிவிடும். டொட் 4 வகைக்குப் புதிதில் 230, ஈரம் ஊறினால் 155. மழையும் பனியும் உள்ள நம் மலையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. குறைந்தால் எஞ்சின் ஒயிலை ஊற்றவே கூடாது. உள்ளே உள்ள றப்பர் ஊதிப் பழுதாகி, முழு பிரேக்கும் போய்விடும். மைனரில் ஒயில் ஊற்றுகிற இடம் சாரதியின் காலுக்குக் கீழே, விரிப்புக்கு அடியில் இருப்பதால் பலர் பார்ப்பதே இல்லை. அந்தக் காலத்து மைனரில் நாலு வீலுக்கும் ஒரே பைப் வழி. ஒரு இடத்தில் உடைந்தால் நாலும் போகும்.

இன்னொன்று: பெரிய பிரேக் போட்டாலும் மலை இறக்கத்தின் சூடு குறையாது. 40 லீற்றர் தண்ணீர்க் கணக்கு அப்படியேதான் இருக்கும். சூடு ஏறக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அவ்வளவுதான். சூட்டைக் குறைக்கிறது கியர். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்லுவார்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். அப்போது எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு, தேவையான இடத்தில் மட்டும் அழுத்தமாகப் பிடிக்கலாம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரை அடகு வைத்துக் காசு மிச்சம் பிடிப்பது. நாங்கள் கேட்டபோது, அன்று டொப் கியரில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்ததாகத் தம்பி ஒத்துக்கொண்டார்.

மாட்டுவதானால் எப்படி?

உள்ளதைச் சரிசெய்த பிறகும் பெரிய பிரேக் வேண்டும் என்றால், இந்த முறையில் செய்யுங்கள்.

1. முழுச் செட்டாக எடுங்கள். மைனருக்கு என்றால் 8 அங்குல டிரம், அதற்கான ஷூ, சிலிண்டர், பின்தகடு எல்லாம் ஒரே மாதிரி வண்டியிலிருந்து வர வேண்டும். இடது வலது இரண்டும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பெரியது, மறுபக்கம் சின்னது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

2. சிலிண்டர் அளவைப் பாருங்கள். வீல் சிலிண்டரின் பிஸ்டன் ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றேகால்வாசிக்கும் குறைவாக, அதாவது ஒரு அங்குலமும் எட்டில் ஒன்றுமாகப் பெருத்தால், அதை நகர்த்த ஏறக்குறைய 27 வீதம் கூட ஒயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் அவ்வளவுக்கு ஆழமாகப் போகும். பெடல் தரையைத் தொட்டால் பெரிய பிரேக்கால் பலன் இல்லை.

3. இடத்தை அளந்து பாருங்கள். இது மைனரை விட, டிஸ்க் பிரேக் உள்ள வேன்களுக்கு முக்கியம். றிம்மின் அளவு 13 அங்குலம் என்றால் 330 மில்லி மீற்றர். ஆனால் உள்ளே கெலிப்பருக்குக் கிடைக்கிற இடம் அதை விடக் குறைவு. கெலிப்பரின் வெளிப்புறத்திலும், வீலின் முகத்தைப் பார்த்த பக்கத்திலும் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். வீலை மாட்டி நட் எல்லாம் இறுக்கி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று தெரியும். மிச்சமுள்ள தடிப்பு மிகக் குறைந்த இடத்திலும் 3 மில்லி மீற்றராவது இருக்க வேண்டும். றிம்மின் உட்பக்கத்தில் ஒட்டுகிற ஈயத் துண்டும் உரசாமல் பார்க்க வேண்டும். முன் வீலை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, பிரேக் பைப் டயரில் படுகிறதா என்றும் பாருங்கள்.

4. வொஷர் அடுக்காதீர்கள். இடம் போதவில்லை என்று வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் வொஷர் வைத்து வெளியே தள்ளுகிற வழக்கம் உண்டு. அப்போது நட் பிடிக்கிற புரி குறையும். வீல் கழன்று ஓடவும் இடம் உண்டு. றிம்மை அராவி இடம் எடுப்பதும் கூடாது. இடம் இல்லாவிட்டால் அந்தப் பிரேக் அந்த வீலுக்குரியது இல்லை என்று விட்டுவிடுங்கள்.

5. காற்றை முழுதாக எடுத்து, சமதரையில் பரீட்சை பாருங்கள். ஆட்களை ஏற்றாமல், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் முதலில் 20 கிலோ மீற்றர் வேகத்தில் பல தடவை, பிறகு 40 இல். நேராக நிற்கிறதா? நிறுத்திய பிறகு ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். இடது வலது சூடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். புது லைனிங் படிய நாள் எடுக்கும்; அதற்கு முன் மலை இறங்க வேண்டாம்.

6. மாற்றிய விஷயத்தை இன்சூரன்ஸ் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் மைனர் வைத்திருப்பவர்களுக்கு. அதன் முன் பிரேக்கில் இரண்டு ஷூவும் முன்னோக்கி ஓடும்போதுதான் நன்றாகப் பிடிக்கும். பின்னோக்கி உருண்டால் பிடிப்புக் குறைவு. ஆகவே ஏற்றத்தில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டு, வீலுக்குக் கல்லும் வையுங்கள்.

கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு

பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்த் தங்கும்; பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதையும் காற்றுப் பைப்பால் அடிப்பதையும் நிறுத்துங்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து தம்பி தங்கச்சியைத் தூக்காதீர்கள். அந்த உடுப்பைத் துவைக்கிற அம்மாவும் அந்தத் தூளைத்தான் சுவாசிக்கிறார்.

ஏறிப் போகிறவர்களுக்கு

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்ல வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தைக் கடக்கும்போது நம்மில் பலர் இன்றும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துகிறோம். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் வாகனத்துக்குள் இருக்கிறவர்களுக்குச் சில அடையாளங்கள் முன்கூட்டியே தெரியும். கருகுகிற வாசம், வீல் பக்கம் புகை, சாரதி பெடலைத் திரும்பத் திரும்ப மிதிப்பது, இறக்கத்தில் எஞ்சின் சத்தமே இல்லாமல் வண்டி ஓடுவது. இதில் ஒன்றைக் கண்டாலும் "தம்பி, வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க" என்று சொல்லுங்கள். சாரதி கோபித்தாலும் பரவாயில்லை. நிறுத்தி அரை மணித்தியாலமாவது ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு வெடிக்கலாம்.

அன்று அந்தப் பாட்டி சொன்னதைக் கேட்டிருந்தால், கார் மண்ணில் உரச வேண்டி வந்திருக்காது.

கடிதம் என்ன ஆனது?

கொடுத்தோம். ஆனால் பெரிய பிரேக்குக்கு இல்லை. ஒயில் சீல், சிலிண்டர், நாலு வீலுக்கும் லைனிங், றப்பர் பைப், புது ஒயில் ஆகியவற்றுக்கு. கேட்டதில் பாதிக் காசுதான் தேவைப்பட்டது. மிச்சத்தில் பெரிய டிரம் செட் வாங்கலாமா என்று தம்பி கேட்டார். ஆறு மாதம் கியரில் இறங்கிப் பழகிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்றோம். இன்னும் வரவில்லை. வழியில் கண்டால் கை காட்டிவிட்டு, இரண்டாவது கியரில் இறங்கிப் போகிறார்.

கேள்விகள்

1. சமதரையில் நிறுத்துவதற்கும் மலை இறங்குவதற்கும் பிரேக்குக்கு என்ன வித்தியாசம்?
2. மொறிஸ் மைனரில் 1962 இல் முன் பிரேக்கை மட்டும் பெரிதாக்கியது ஏன்?
3. பெரிய டிரம் மாட்டியும் பெடல் தரை வரை போனால் என்னென்ன காரணம் இருக்கலாம்?
4. உங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குப் போகிற வழியில் எந்த இறக்கத்தில் கியரைக் குறைக்க வேண்டும்? உங்களை ஏற்றிப் போகிற சாரதி அங்கே என்ன செய்கிறார் என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.